பெயருக்குக் கீழே வேறு கல்லூரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆய்வுக் கட்டுரை வெளியான பிறகுதான் ஆசிரியரின் நிறுவனப் பெயர் தப்பாக இருப்பது தெரிந்தது, என்ன செய்யலாம் என்று இந்த மாதம் பல கடிதங்கள். நான் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு லேபுக்குப் போகாமல், சென்னையில் ஆய்விதழ்களுக்கு காப்பி எடிட்டிங் செய்யப் போனவன். வெளிநாட்டு இதழ்கள் பலவற்றின் பக்கங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் தயாராகின்றன என்பது அந்த இதழ்களில் எழுதுகிறவர்களுக்கே தெரியாது. இந்தத் தப்புகள் எந்த மேஜையில் பிறக்கின்றன என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால், முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன்.

நான் முனைவர் பட்ட மாணவி. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிகளிலும் தெருக் குழாய்களிலும் தண்ணீர் எடுத்து, அதிலுள்ள, நீர் மாசின் அறிகுறியான கோலிஃபார்ம் பாக்டீரியா பற்றி எழுதிய கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் வந்துவிட்டது. ஆசிரியர்கள் நான்கு பேர். இரண்டாவது, மூன்றாவது ஆசிரியர்களின் நிறுவனங்கள் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. மாதிரிகளைச் சோதித்த ஆய்வகத்துக்காரர் எங்கள் கல்லூரி ஆசிரியர் போலவும், எங்கள் கைடு அந்த ஆய்வகத்துக்காரர் போலவும் தெரிகிறது. 'யாரும்மா அதையெல்லாம் பார்க்கப்போறாங்க, விடு' என்கிறார் கைடு. ஆய்வகத்துக்காரர் கோபமாக இருக்கிறார். கட்டுரையைத் திரும்பப் பெற்று மறுபடி வெளியிட வேண்டுமா?
*பெயர் வேண்டாம், திருநெல்வேலி*

திரும்பப் பெறவே வேண்டாம். இதழுக்கு எழுதும் மின்னஞ்சலில் அந்த வார்த்தையே வரக்கூடாது. கட்டுரையைத் திரும்பப் பெறுவது என்பது முடிவுகளை நம்ப முடியாது, தரவு இட்டுக்கட்டியது, வேறொருவருடையதைத் திருடியது என்கிற ரகத்துக்கு. பிரிட்டனில் 1997-ல் தொடங்கிய, இதழாசிரியர்களுக்கு நெறிமுறை வகுக்கும் 'கோப்' அமைப்பின் வழிகாட்டுதலும் அந்த வழியில்தான் போகிறது. உங்கள் குழாய்த் தண்ணீரில் எண்ணிய காலனிகள் எண்ணியபடியே இருக்கின்றன. பெயருக்குக் கீழே இருக்கும் வரிதான் தப்பு. அதற்கு ஒரு திருத்தக் குறிப்பு போதும்.

முதலில் தப்பு யாருடையது என்று பாருங்கள். கடைசியாக நீங்கள் அனுப்பிய வேர்டு கோப்பு, வெளியாகும் முன் சரிபார்க்க உங்களுக்கு வந்த ப்ரூஃப், இப்போது வெளியாகியிருக்கும் பிடிஎஃப், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். வேர்டு கோப்பில் சரியாக இருந்து ப்ரூஃபில் மாறியிருந்தால் பதிப்பகத்தின் தப்பு. அதை எர்ராட்டம் என்பார்கள். நீங்கள் அனுப்பியதிலேயே மாறியிருந்தால் காரிஜெண்டம். இப்போது பல இதழ்கள் இந்த லத்தீனை விட்டுவிட்டு வெறுமனே 'கரெக்‌ஷன்' என்றே போடுகின்றன. நேச்சர் குழும இதழ்களில் மட்டும் ஆசிரியர் திருத்தம், பதிப்பகத் திருத்தம் என்று பிரித்தே இருக்கும்.

இது எப்படி மாறுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கட்டுரையை மறுதிருத்தம் செய்யும்போது. மதிப்பீட்டாளர் கூடுதலாக ஒரு சோதனை கேட்பார். அதைச் செய்துகொடுத்தவரைப் புதிதாகச் சேர்ப்பீர்கள், அவருடைய நிறுவனம் நடுவில் நுழையும், பெயர்களுக்கு மேலே உள்ள குட்டி எண்களில் இரண்டை மாற்றுவீர்கள், மூன்றாவது விட்டுப்போகும். இதழின் இணையப் படிவத்தில் பழைய விவரம் அப்படியே கிடக்கும். கோப்பு ஒன்று சொல்லும், படிவம் ஒன்று சொல்லும். அப்புறம் அது சென்னைக்கு வரும். இங்கே கட்டுரையைக் கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவமாக ஆக்கும்போது நிறுவனங்கள் ஒரு தனிப் பட்டியல், ஆசிரியர்கள் ஒரு தனிப் பட்டியல். ஒவ்வொரு ஆசிரியருக்கும் நிறுவனப் பட்டியலின் எந்த வரிசை எண் பொருந்தும் என்று ஒரு குறியீடு போடுவோம். அந்தக் குறியீட்டில் 2 இருக்கவேண்டிய இடத்தில் 1 விழுந்தால் போதும், உங்கள் ஆய்வகத்துக்காரர் கல்லூரி ஆசிரியர் ஆகிவிடுவார். பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் அழகாக, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் இருக்கும். கண்ணுக்குச் சிக்காததற்குக் காரணமே அதுதான்.

இதைப் பிடிக்கத்தான் ப்ரூஃபின் முதல் பக்கத்திலேயே, 'ஆசிரியர் பெயர்களும் நிறுவனங்களும் சரியா' என்று ஒரு கேள்வி வைப்போம். வரும் பதில்களில் முக்கால்வாசி 'ஓகே' என்ற ஒற்றைச் சொல். விளக்கப்படத்தில் ஒரு காற்புள்ளிக்காக மூன்று மின்னஞ்சல் எழுதும் பேராசிரியர்கள்கூட இந்தக் கேள்விக்கு 'ஓகே' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது உங்கள் கைடு சொன்னதற்கு வருவோம். யார் பார்ப்பார்கள்? மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் 2013 வரைக்கும் பொதுவாக முதல் ஆசிரியரின் முகவரிதான் இருக்கும். 2014-லிருந்து ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனித்தனியாக முகவரி வருகிறது. அவர் இளைஞராக இருந்த காலத்தில் மூன்றாவது ஆசிரியரின் கல்லூரியை யாரும் பார்க்கவில்லை என்பது உண்மை. அந்தக் காலம் போய்விட்டது.

அதிலும் உங்களுடையது தண்ணீர்க் கட்டுரை. இதில் ஆய்வகம் எங்கே இருக்கிறது என்பது அலங்காரத்துக்குப் போடும் வரி அல்ல. மாதிரியை எடுத்ததும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் சோதனைக்குப் போட வேண்டும். தாமதமானால் பாட்டிலுக்குள்ளேயே சில பாக்டீரியா பெருகும், சில செத்துப்போகும், எண்ணிக்கை பொய் சொல்லும். அப்புறம்தான் 100 மில்லி தண்ணீரை 0.45 மைக்ரான் சவ்வின் வழியே இழுத்து, சவ்வை பாக்டீரியா வளரும் ஊடகத்தின் மேல் வைத்து, மலக் கோலிஃபார்மாக இருந்தால் 44.5 டிகிரியில் ஒரு நாள் வைத்து, மறுநாள் நீலக் காலனிகளை எண்ணுவது. இந்தத் துறை தெரிந்த ஒருவர் உங்கள் கட்டுரையை எடுத்ததும் குழாய் இருக்கும் ஊரையும் ஆய்வகம் இருக்கும் ஊரையும் பார்ப்பார். நடுவில் எத்தனை மணி நேரம் என்று மனக்கணக்குப் போடுவார். எண்ணியவர் பெயருக்குக் கீழே தப்பான ஊர் இருந்தால் அந்தக் கணக்கு இடிக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, 100 மில்லியில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படக்கூடாது என்கிறது. தென்பட்டது என்று நீங்கள் எழுதியிருந்தால், உள்ளூராட்சிப் பொறியாளர் முதலில் கேட்கப்போவது 'எந்த லேப்?' என்றுதான். டெல்லி நினைவிருக்கிறதா? 2011-ல் லான்செட் தொற்றுநோய் இதழில், கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புது டெல்லியின் 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும், தேங்கிக் கசிந்த நீரின் 171 மாதிரிகளில் 51-லும் மருந்துகளுக்கு அடங்காத தன்மையை பாக்டீரியாவுக்குத் தரும் என்டிஎம்-1 மரபணு இருப்பதாக எழுதினார்கள். இங்குள்ள அதிகாரிகள் மறுத்தார்கள். எடுத்தது யார், சோதித்தது எங்கே, மாதிரிகள் நாட்டைவிட்டுப் போனது எப்படி என்றெல்லாம் பேச்சு ஓடியது. அந்தச் சர்ச்சை முகவரிப் பிழையால் வந்ததல்ல. தண்ணீரைப் பற்றி விரும்பத்தகாத முடிவு வந்தால் முகவரியில் இருந்துதான் விசாரணை தொடங்கும் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, செய்ய வேண்டியது. ஆய்வகத்துக்காரருக்கு முதலில் போன் செய்யுங்கள். அவர் தனியாக இதழுக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால், இதழாசிரியர் இதை ஆசிரியர்களுக்கு இடையிலான தகராறு என்று எடுத்துக்கொள்வார். அப்புறம் மாதக்கணக்கில் இழுக்கும். நான்கு பேரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும், ஒரே மின்னஞ்சல் இழையில் நான்கு பேரும் 'சம்மதம்' என்று பதில் போட்டாலே போதும். அனுப்ப வேண்டியவர் கரஸ்பாண்டிங் ஆத்தர், அதாவது இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் ஆசிரியர். அது உங்கள் கைடாக இருந்தால் அவரேதான். நீங்கள் எழுதி, அவர் அனுப்பட்டும். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தில்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் வருத்தம் தெரிவிக்கும் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். எது தப்பு என்பது அதில் கடைசிப் பத்தியில் இருக்கும், சில சமயம் அங்கேயும் இருக்காது. இவ்வளவு போதும் (டிஓஐ என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர இணைய அடையாள எண்):

'கட்டுரைத் தலைப்பு இது, டிஓஐ எண் இது. வெளியானபடி: இரண்டாவது ஆசிரியர், நிறுவனம் 1, மூன்றாவது ஆசிரியர், நிறுவனம் 2. இருக்க வேண்டியபடி: இரண்டாவது ஆசிரியர், நிறுவனம் 2, மூன்றாவது ஆசிரியர், நிறுவனம் 1. தரவிலும் முடிவுகளிலும் மாற்றம் இல்லை. ஆசிரியர்கள் நால்வரும் இதற்குச் சம்மதிக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் இறுதிக் கோப்பின் முதல் பக்கத்தை இணைத்திருக்கிறோம்.'

அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். ஆசிரியர்களின் முழுப்பெயரையும் நிறுவனங்களின் முழு முகவரியையும் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய மாதிரி கொடுங்கள், ஏனென்றால் திருத்தக் குறிப்பைத் தயாரிப்பவர் அதைத்தான் ஒட்டப்போகிறார். திருத்தக் குறிப்பிலேயே தப்பு வந்து, அதற்கு இன்னொரு திருத்தக் குறிப்பு வந்த கதை எங்கள் தொழிலில் உண்டு.

ப்ரூஃபுக்கு முந்தைய ஏற்புப் பிரதியாக மட்டும் இணையத்தில் இருந்தால், இறுதி வடிவம் வரும்போது சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவார்கள். இறுதி வடிவமே வந்துவிட்டால், மாற்றியதற்கு ஒரு தடயம் இருக்க வேண்டும் என்பதே நல்ல இதழ்களின் வழக்கம். அதற்குள் யாரோ தரவிறக்கி வைத்திருப்பார்கள், மேற்கோள் காட்டியிருப்பார்கள். குறிப்புக்கென்று தனி டிஓஐ தருவார்கள். இதழ் கிராஸ்மார்க் சேவையில் இருந்தால் கட்டுரையின் மேலே உள்ள பொத்தானை அமுக்கியதும் இந்தத் திருத்தம் தெரியும். பப்மெட்டில் இருந்தால் மூலக் கட்டுரைக்கும் குறிப்புக்கும் இடையே இணைப்பு வரும். இதற்கு எந்த இதழும் பணம் கேட்டு நான் பார்த்ததில்லை.

குறிப்பு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ரேஷன் கார்டில் முகவரி மாற்றினால் பேங்க் பாஸ்புக்கில் தானாக மாறுமா? கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் தரவுத்தளங்களான ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டிலும் தனித்தனியாகத் திருத்தக் கோரிக்கை கொடுக்க வேண்டும், குறிப்பின் இணைப்போடு. ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தில் உள்ள பக்கத்தை அவரவரே சரிசெய்யலாம். இன்னொன்று உங்கள் துறைக்காரர்களே மறப்பது: பிரித்தெடுத்த பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசையை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் போட்டிருந்தால், அந்தப் பதிவிலும் 'சமர்ப்பித்தவர்' வரியில் ஒரு நிறுவன முகவரி இருக்கும். இதழ் அதைத் தொடாது, தொடவும் முடியாது. யார் பெயரில் சமர்ப்பித்தீர்களோ அவர்தான் மாற்றக் கேட்க வேண்டும். பதிவு எண் அதேதான் இருக்கும், புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு எண்ணும் மாறாது. அது மரபணு வரிசையே மாறினால்தான் ஏறும். அதனால் கட்டுரையில் கொடுத்த எண் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

ஆற்று நீரில் நோய்க்கிருமிகள் பற்றி முனைவர் பட்டத்துக்குச் செய்த வேலை, இப்போதுதான் கட்டுரையாக வந்திருக்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயரில். நான் தற்போது வேலை பார்க்கும் தனியார் கல்லூரியில், 'திருத்தம் போட்டு எங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள்' என்று நிர்வாகம் கேட்கிறது. தரவரிசைக்கு வேண்டுமாம். மறுத்தால் சங்கடம்.
*உதவிப் பேராசிரியர், கோவை மாவட்டம்*

இதில் திருத்துவதற்குத் தப்பே இல்லையே. வேலை எங்கே நடந்ததோ அந்த நிறுவனம்தான் பெயருக்குக் கீழே வர வேண்டும். இடையில் நீங்கள் மாறியிருந்தால், வெளியாவதற்கு முன்னால், 'தற்போதைய முகவரி' என்று அடிக்குறிப்பாகப் போட்டிருக்கலாம். அதை ப்ரூஃபிலேயே கேட்டிருக்க வேண்டும். வெளியான பிறகு முகவரியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று ஸ்பிரிங்கர் நேச்சர் பதிப்பகம் தன் ஆசிரியர் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது.

நிர்வாகத்தின் ஆசை எனக்குப் புரிகிறது. மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்ஐஆர்எஃப் பட்டியல் 2016-ல் முதன்முதலாக வந்தது. அதற்கான ஆய்வு வெளியீடுகளின் எண்ணிக்கை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவில் இருந்து எடுக்கப்படுகிறது. அங்கே பெயர் இல்லாவிட்டால் கல்லூரிக்கு எண்ணிக்கை இல்லை. அதற்காக, ஒரு பிப்பெட் கூட எடுத்துக்கொடுக்காத கல்லூரியை, ஆற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்த காலத்துக்குள் நுழைக்க முடியாது. 'இதழ் மறுத்துவிட்டது' என்ற பதில் உங்களுக்கு வேண்டுமென்றால், கரஸ்பாண்டிங் ஆத்தர் மூலம் இதழுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அவர்கள் மறுத்து எழுதும் மின்னஞ்சலை அப்படியே நிர்வாகத்துக்கு அனுப்பிவிடலாம். சங்கடமும் தீர்ந்தது.

நிறுவனப் பெயர் விஷயத்தை வெளிநாட்டில் எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று நிர்வாகத்தில் யாராவது கேட்டால், ஸ்பெயினைச் சொல்லுங்கள். கோர்டோபா பல்கலைக்கழகம் 2023-ல் தன் வேதியியல் ஆய்வாளர் ஒருவரைச் சம்பளமின்றி 13 ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. அங்கே முழுநேரப் பணியில் இருந்துகொண்டே சவுதி அரேபியா, ரஷ்யா ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்களோடும் தன்னை இணைத்துக்கொண்டார் என்பது காரணம். உங்கள் விவகாரம் அந்த அளவு இல்லை. ஆனால் அடுத்த கட்டுரையில் இந்தக் கல்லூரியின் லேபில் செய்த வேலை இருந்தால், அதன் பெயர் தாராளமாக முதலில் வரட்டும்.

என் பெயரை இனிஷியலோடு கொடுத்தேன். கட்டுரையில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி, மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாம் என் அப்பாவைத்தான் காட்டுகிறார்கள்! அவர் விவசாயி, ஒரு பாக்டீரியாவையும் பார்த்ததில்லை.
*ஒரு வாசகர், தஞ்சாவூர்*

உங்கள் அப்பாவுக்கு வாழ்த்துகள். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத நமக்கு இது தீராத தலைவலி. எல்சேவியர் பதிப்பகத்தின் ப்ரூஃபில் எது குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்களோ அதை நீலப்பச்சை நிறத்தில் காட்டி, சரியா என்று கேட்பார்கள். அந்த நிறம் எதற்கு என்று தெரியாமலேயே பலர் தாண்டிப் போகிறார்கள். இதற்கும் திருத்தக் குறிப்பு கேட்கலாம், மேலே சொன்ன அதே முறை. ஆர்கிட்டின் 16 இலக்க எண்ணை வாங்கி, இனி எல்லாக் கட்டுரைகளோடும் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பெயரை எங்கே வைப்பது என்று ஒருமுறை முடிவெடுத்தால் அப்புறம் மாற்றாதீர்கள். ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், அடுத்ததில் பின்னால், மூன்றாவதில் விரித்து என்று எழுதினால் ஸ்கோபஸ் உங்களை மூன்று பேராக்கிவிடும்.

நீர் மாதிரி எடுக்க வந்த எங்கள் நண்பரின் நிறுவனம் மட்டுமல்ல, அவர் பெயரே கட்டுரையில் விட்டுப்போய்விட்டது. அதையும் இதே திருத்தக் குறிப்பில் சேர்த்துவிடலாமா?
*ஆராய்ச்சி மாணவர், வேலூர்*

சேர்த்து எழுதினால் இரண்டுமே நின்றுபோகும். நிறுவனத்தை மாற்றுவது விவரப் பிழை. ஆசிரியரைச் சேர்ப்பது, யார் ஆசிரியர் என்ற பெரிய கேள்வி. அதற்கு எல்லா ஆசிரியர்களின் ஒப்புதலும், அவர் என்ன வேலை செய்தார் என்ற விளக்கமும், முதலிலேயே ஏன் இல்லை என்பதற்குக் காரணமும் கேட்பார்கள். யாராவது ஒருவர் மறுத்தால் இதழ் உங்கள் நிறுவனத்தையே விசாரிக்கச் சொல்லும். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது மட்டும்தான் அவர் வேலை என்றால், பொதுவான அளவுகோலின்படி அவர் இடம் நன்றியுரையில். எந்தெந்த இடத்தில் எடுப்பது என்று திட்டமிட்டதிலும், கட்டுரையை எழுதியதிலும் பங்கு இருந்தால் தனியாகக் கேளுங்கள்.

திருத்தக் குறிப்புக்கும் தனி டிஓஐ கொடுத்திருக்கிறார்கள். அதை இன்னொரு வெளியீடாக பயோடேட்டாவில் சேர்க்கலாமா?
*பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்*

பெயர் வேண்டாம் என்றது நல்ல முடிவு. சேர்க்காதீர்கள்.